பயோமெடிக்கல் முடிச்சாச்சு, ஒரகடத்துல ஆஃபர் வந்தாச்சு: முதல் 3 வருஷத்துக்கு ஒரு பணக் கணக்கு



சம்பளம், சேமிப்பு, எஸ்ஐபி பத்தி நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு அதுக்கும் ஒரு படி முன்னாடி இருக்கிற விஷயம். 22 வயசுல உங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்து மியூச்சுவல் ஃபண்ட் கிடையாது, உங்க வேலைத்திறமைதான். அதை முதல் 3 வருஷத்துல எங்க முதலீடு பண்றீங்கங்கிறதைப் பொறுத்துதான் அடுத்த 10 வருஷ சம்பளம்.

பேச வசதியா ஒரு கேஸ் எடுத்துக்குவோம். ஒரு பொண்ணு பி.இ. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடிச்சிருக்காங்க. கையில ரெண்டு ஆஃபர். ஒண்ணு, ஒரகடம் பக்கம் மருத்துவக் கருவி தயாரிக்கிற கம்பெனியில குவாலிட்டி பிரிவு, மாசம் 20,000 ரூபாய். இன்னொண்ணு ஓஎம்ஆர்ல ஐடி சப்போர்ட் வேலை, பிடித்தம் போக கைக்கு 25,000. வீட்ல "அதிகமா தர்ற இடத்துக்குப் போம்மா"ன்னு சொல்றாங்க. படிச்ச படிப்பு வீணாகிடுமோன்னு அவங்களுக்குப் பயம்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனா உங்கள்ல பல பேருக்கு இது உங்க வீட்டு ஹால்ல நடக்கிற பேச்சு மாதிரியே இருக்கும். பயோமெடிக்கல் படிக்காதவங்களும் படிங்க. ஆஃபர் லெட்டர், பிஎஃப், பாண்டு பத்தின பகுதிகள் எல்லாருக்கும் பொதுவானது.

கார் ஊர்ல மருத்துவக் கருவி எங்கிருந்து வந்துச்சு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னாலே நமக்கு கார், போன்தான் ஞாபகம் வரும். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-லயே கார் தயாரிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரகடத்துல ரெனோ-நிசான் 2010-லயும், டைம்லர் லாரி தொழிற்சாலை 2012-லயும், ராயல் என்ஃபீல்டு 2013-லயும் வந்துச்சு. மின்னணு உற்பத்தியும் இந்தப் பட்டையில நல்லா வேரூன்றிடுச்சு.

மருத்துவக் கருவிக்கும் இங்க இடம் இருக்கு. டிரிவிட்ரான் நிறுவனத்தோட மருத்துவத் தொழில்நுட்பப் பூங்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான். அதுக்கு மேல, மத்திய அரசு நாடு முழுக்க 4 மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்கு ஒப்புதல் கொடுத்தது: இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு. ஒவ்வொரு பூங்காவுக்கும் பொது வசதிகளுக்காக அதிகபட்சம் 100 கோடி ரூபாய் மானியம். நம்ம மாநிலத்துப் பூங்காவுக்கு தேர்வான இடம் ஒரகடம் சிப்காட், சுமார் 350 ஏக்கர்.

பொது வசதின்னா என்ன? ஒரு சின்ன கம்பெனி தனியா வாங்க முடியாத சோதனைக்கூடம், ஸ்டெரிலைசேஷன் வசதி மாதிரி விஷயங்கள். பூங்காவுல இதெல்லாம் பொதுவா இருந்தா, சின்ன கம்பெனிக்கும் தொழில் தொடங்க செலவு குறையும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. பூங்கா வரப்போகுதுன்னு வேலைக்குப் போகாம வீட்ல காத்திருக்காதீங்க. தொழிற்பூங்கா நிரம்ப வருஷக்கணக்குல ஆகும். அதே மாதிரி "மெடிக்கல் பார்க் பக்கத்துல பிளாட்"னு விளம்பரம் பார்த்து அப்பாவோட ஓய்வூதியப் பணத்தையும் போட்டுடாதீங்க. அங்கீகாரம் இருக்கா, வில்லங்கம் என்னன்னு பார்க்காம வாங்குற மனை முதலீடே இல்ல.

உங்க சம்பள உயர்வு சட்டத்துல இருக்கு

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இந்தப் பகுதியை வெச்சுக்கோங்க.

இந்தியாவுல மருத்துவக் கருவிகளுக்குத் தனி விதிகள் 2017-ல வந்துச்சு, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி-ன்னு நாலு வகுப்பு. பஞ்சு, காயத்துக்குப் போடுற கட்டு மாதிரி விஷயங்கள் ஏ. தெர்மாமீட்டர், பிபி பார்க்கிற கருவி எல்லாம் பி. ஆபத்து கூடக்கூட சி. இதய வால்வு மாதிரி உயிரையே தாங்குற பொருள்கள் டி.

ஆரம்பத்துல குறிப்பிட்ட சில கருவிகளுக்குத்தான் லைசென்ஸ் கட்டாயம். 2020 ஏப்ரல்ல எல்லா மருத்துவக் கருவிகளும் சட்ட வரம்புக்குள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் படிப்படியா, ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர்லயும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர்லயும் லைசென்ஸ் நடைமுறை கட்டாயமாச்சு.

அது கம்பெனி தலைவலி, நமக்கு என்னன்னு கேக்குறீங்களா? இங்கதான் விஷயம் இருக்கு. லைசென்ஸ் வேணும்னா, தகுதியான தொழில்நுட்ப ஆள் ஒருத்தர் மேற்பார்வையில உற்பத்தி நடக்கணும்னு விதி சொல்லுது. யார் அந்த தகுதியான ஆள்? சம்பந்தப்பட்ட பிரிவுல இன்ஜினியரிங், இல்லைன்னா பார்மசி, அறிவியல் பட்டம். அதோட, மருத்துவக் கருவி தயாரிப்புலயோ சோதனையிலயோ குறைந்தது 2 வருஷ அனுபவம். டிப்ளமோன்னா 4 வருஷம்.

இன்னொரு தடவை படிங்க. தயாரிப்பு அல்லது சோதனை. 2 வருஷம்.

அதாவது உங்க பட்டத்தோட 24 மாச சரியான அனுபவம் சேர்ந்தா, கம்பெனி லைசென்ஸ் விண்ணப்பத்துல பேர் போடத் தகுதியான ஆளா மாறுறீங்க. புதுசா தொழில் தொடங்குற ஒவ்வொரு மருத்துவக் கருவி கம்பெனிக்கும் அப்படி ஒரு ஆள் தேவை. நம்ம கேஸ்ல அந்த 20,000 ரூபாய் ஆஃபரோட உண்மையான மதிப்பு இந்த 24 மாசம்தான். ஆனா அந்த அனுபவம் காகிதத்துல சரியா பதிவாகணும். அதுக்குக் கீழே வர்றேன்.

எந்த வேலை, எந்தக் கதவைத் திறக்கும்?

பயோமெடிக்கல் முடிச்சவங்க பொதுவா நாலு பக்கம் போறாங்க.

1. மருத்துவமனை பயோமெடிக்கல் பிரிவு. வென்டிலேட்டர், மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாத்துக்கும் பராமரிப்பு, கேலிபரேஷன், பழுது. கருவிகளை நிஜ நோயாளி பக்கத்துல பார்ப்பீங்க. இந்தப் பழக்கம் வேற எங்கேயும் கிடைக்காது. ஆனா இது பயன்பாடு, பராமரிப்பு அனுபவம். தயாரிப்பு அனுபவமா எடுத்துக்குவாங்கன்னு நம்பி உக்காராதீங்க.

2. சர்வீஸ் இன்ஜினியர். பைக்ல ஊர் ஊரா சுத்தணும். இன்சென்டிவ், பயணப்படி சேர்ந்தா கையில வர்ற பணம் கொஞ்சம் கூடுதலா தெரியும். பெட்ரோல், பைக் தேய்மானத்தைக் கழிச்சிட்டுப் பாருங்க.

3. தொழிற்சாலை: உற்பத்தி, குவாலிட்டி, சோதனை. ஷிஃப்ட் இருக்கும், கிளீன் ரூம்ல தலை முதல் கால் வரை மூடிட்டு நிக்கணும். ஆரம்பத்துல ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்ற மாதிரி சலிப்பா இருக்கும். ஆனா 24 மாசக் கடிகாரம் ஓடுற இடம் இதுதான்.

4. ரெகுலேட்டரி வேலை. லைசென்ஸ் விண்ணப்பம், தொழில்நுட்பக் கோப்பு, ஆடிட்டுக்கு பதில். எழுத்து வேலைன்னு நினைச்சு ஒதுங்காதீங்க. ஏ, பி வகுப்பு தயாரிப்புக்கு மாநில அதிகாரிகிட்ட, சி, டி வகுப்புக்கு மத்திய அதிகாரிகிட்ட லைசென்ஸ் வாங்கணும். கோப்பு சரியா இல்லைன்னா பொருள் வெளியே போகாது. பொருள் போகலைன்னா கம்பெனிக்கு வருமானம் இல்ல. வருமானத்துக்குப் பக்கத்துல இருக்கிற வேலைக்கு என்னைக்கும் மதிப்பு உண்டு.

ரெஸ்யூமேல என்ன திறமை இருக்கணும்?

"எம்எஸ் ஆஃபீஸ், டீம் வொர்க், ஹார்டு வொர்க்"னு எழுதினா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஒரகடம் பக்கத்து குவாலிட்டி மேனேஜர் கண்ணுக்குப் படுற வார்த்தைகள் வேற.

ஐஎஸ்ஓ 13485: மருத்துவக் கருவி கம்பெனியோட தர நிர்வாகத்துக்கான தரநிலை. இப்ப நடைமுறையில இருக்கிறது 2016 பதிப்பு.
ஐஎஸ்ஓ 14971: ஆபத்து மேலாண்மை. இந்தக் கருவி எப்படியெல்லாம் தப்பாகலாம், தப்பானா நோயாளிக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே யோசிச்சு எழுதி வைக்கிறது.
ஐஇசி 60601: மின்சாரத்துல ஓடுற மருத்துவக் கருவியோட பாதுகாப்பு. கசிவு மின்னோட்டம் எவ்வளவு இருக்கலாம்ங்கிற மாதிரி கேள்விகள்.
ஐஎஸ்ஓ 10993: உடம்புல படுற பொருள் உடம்புக்கு ஒத்துப்போகுதாங்கிற சோதனை.

நாலையும் கரைச்சுக் குடிக்கணும்னு இல்ல. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு ரெண்டு நிமிஷம் உங்க சொந்த வார்த்தையில சொல்லத் தெரிஞ்சா, ஃபிரெஷரா நீங்க முன்வரிசையில நிக்கிறீங்க. நம்ம நாட்டு 2017 விதிகள் இணையத்துல இலவசமா கிடைக்குது. என்பிடிஇஎல் பாடங்களும் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சுமார் 1,000 ரூபாய். தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டத்துல உங்க கல்லூரிக்கு என்ன பாடம் ஒதுக்கியிருக்காங்கன்னும் பாருங்க.

இந்த ஊருக்குன்னு ஒரு தனி லாபமும் இருக்கு. கார் கம்பெனி, அதுக்கு உதிரிபாகம் பண்ற கம்பெனியில வேலை பார்க்கிற அண்ணன் அக்கா யாராவது உங்க தெருவுலயே இருப்பாங்க. 5எஸ், எஃப்எம்இஏ, 8டி, எஸ்பிசி எல்லாம் அவங்களுக்கு அன்றாடப் பேச்சு. பழுதை முன்கூட்டி ஊகிக்கிற எஃப்எம்இஏ முறை மருத்துவக் கருவி கம்பெனியிலயும் உண்டு. கார்ல பிரேக் வேலை செய்யலைன்னா என்னன்னு யோசிக்கிற அதே மூளை, இங்க இன்ஃப்யூஷன் பம்ப் மருந்தை வேகமா ஏத்திட்டா என்னன்னு யோசிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து அவங்ககிட்ட கத்துக்கோங்க. 60,000 ரூபாய் கோர்ஸ்ல கிடைக்காத விஷயம் அது.

ப்ராஜெக்ட்: எவ்வளவு செலவு பண்ணீங்கங்கிறது முக்கியம் இல்ல

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் சென்டர்ல பணம் கொடுத்து வாங்குற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. இன்டர்வியூல மூணாவது கேள்வியில அது வெளிய வந்துடும். "எத்தனை ரீடிங் எடுத்தீங்க? எதோட ஒப்பிட்டீங்க? பிழை எவ்வளவு?"

ஆர்டுயினோ வெச்சு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பண்ணியிருக்கீங்கன்னு வைங்க. ஆயிரம் பேர் பண்ணதுதான். ஆனா அதே ப்ராஜெக்ட்டை இப்படி மாத்துங்க:

யாருக்காக, எந்த இடத்துல பயன்படுத்தன்னு ஒரு பத்தி.
என்னென்ன தப்பாகலாம்னு ஒரு ஆபத்து அட்டவணை: விரல் ஜில்லுன்னு இருந்தா, நெயில் பாலிஷ் இருந்தா, கை அசைஞ்சா.
கடையில வாங்கின தரமான கருவியோட பக்கத்துல வெச்சு எடுத்த ரீடிங், சராசரி வித்தியாசம்.
எங்க சரியா வேலை செய்யலைங்கிற நேர்மையான ஒரு பத்தி.

இன்னொரு விஷயம் தெரியுமா? 2020-ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வு, ரத்தத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சதைப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கவனிக்காம விடுறது, வெள்ளை நோயாளிகளைவிட கறுப்பின நோயாளிகள்கிட்ட கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா நடந்திருக்குன்னு சொல்லிச்சு. தோல் நிறம் அளவீட்டைப் பாதிக்கலாம். நம்ம ஊர்ல எல்லா நிறத்துலயும் ஆள் இருக்கோம். இதை உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு ஆபத்தா எழுதினவர், சும்மா சர்க்யூட் மட்டும் காட்டினவரைவிட ரொம்ப தூரம் முன்னாடி இருப்பார்.

தோத்த முயற்சிகளையும் எழுதுங்க. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கின இதய வால்வைப் பாருங்க. முதல்ல பண்ண வடிவங்கள் சரிவரலை. ஒவ்வொரு தோல்வியிலயும் எது உடைஞ்சது, ஏன் உடைஞ்சதுன்னு பார்த்து பொருளை மாத்தி மாத்தி, கடைசியில ஒரு வகை பிளாஸ்டிக் வட்டு வெச்ச வடிவம் நின்னுச்சு. 1990-ல முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அந்த வால்வை டிடிகே குழுமம் தயாரிச்சு வித்துச்சு. பதிவு இல்லாத தோல்வி வெறும் நஷ்டம். பதிவு பண்ண தோல்வியைத்தான் இந்தத் துறையில அனுபவம்னு சொல்றோம்.

இப்ப ஆஃபர் லெட்டரைப் பிரிப்போம்

நம்ம கேஸ்ல மாச மொத்தச் சம்பளம் 20,000, அதுல பேசிக் 12,000-ன்னு வெச்சுக்குவோம்.

உங்க பிஎஃப், பேசிக்ல 12%: 1,440
உங்க இஎஸ்ஐ, மொத்தச் சம்பளத்துல 0.75%: 150
கைக்கு வர்றது: 18,410

இதுபோக தொழில் வரி, கேன்டீன், பஸ் பிடித்தம் இருக்கலாம். சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

இப்ப இதையே கம்பெனி சிடிசியா எப்படி காட்டும்னு பாருங்க. 20,000 சம்பளம், கம்பெனி பிஎஃப் 1,440, கம்பெனி இஎஸ்ஐ 3.25% அதாவது 650, கிராஜுவிட்டி சுமார் 577. மொத்தம் 22,667. வருஷத்துக்கு 2.72 லட்சம். "2.72 லட்சம் பேக்கேஜ்"னு கேட்டுட்டு மாசம் 22,667 கைக்கு வரும்னு கணக்குப் போட்டா, மாசாமாசம் 4,000 ரூபாய்க்கு மேல துண்டு விழும். கிராஜுவிட்டி பொதுவா 5 வருஷம் இருந்தாதான் கைக்கு வரும், அதையும் ஞாபகம் வைங்க.

வருமான வரியா? கவலையே வேண்டாம். 2025-26 நிதியாண்டுக்குப் புது வரி முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. அதனால "டேக்ஸ் சேவ் பண்ணலாம்"னு சொல்லி சொந்தக்கார அங்கிள் நீட்டுற பாலிசியில கையெழுத்து போடாதீங்க. உங்களுக்கு சேமிக்க வரியே இல்ல.

இஎஸ்ஐயை லேசா நினைக்காதீங்க. மாசச் சம்பளம் 21,000 வரை இருந்தா இந்தப் பாதுகாப்பு உண்டு. உங்களையே நம்பியிருக்கிற பெற்றோரையும் சேர்க்கலாம். மாசம் 150 ரூபாய்க்கு அம்மா அப்பாவுக்கு மருத்துவப் பாதுகாப்பு வெளியில எங்கேயும் கிடைக்காது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினா, அந்த 6 மாச பங்களிப்புக் காலம் முடியிற வரை தொடரும், அப்புறம் நின்னுடும். இன்கிரிமென்ட் லெட்டர் வந்த அன்னைக்கே தனி மருத்துவக் காப்பீடு பத்தி யோசிச்சிடுங்க.

பிஎஃப்பை எடுக்காதீங்க. இந்தச் சம்பளத்துல உங்க 1,440-ம், கம்பெனி பங்குல பென்ஷனுக்குப் போனது போக மீதி 440-ம் சேர்ந்து மாசம் 1,880 உங்க கணக்குல சேரும். 2 வருஷத்துல வட்டியோட சுமார் 48,000. வேலை மாறும்போது இதை எடுத்து பைக் வாங்குறவங்க நிறைய. அதே 48,000-ஐ அப்படியே மாத்தி விட்டு, 8% வட்டியில 30 வருஷம் வளர்ந்தா சுமார் 4.8 லட்சம். 5 வருஷம் தொடர் சர்வீஸ் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்தா வரி விஷயமும் வரும்.

18,410 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்? ஒரு மாதிரி:

ரூம் ஷேர்: 3,500
கேன்டீன் போக மீதி சாப்பாடு: 3,000
போன், பயணம், மத்த செலவு: 1,500
வீட்டுக்கு: 4,000
அவசர நிதி: 3,000
திறமை வளர்க்க: 1,000
கல்விக் கடன் அல்லது மத்த தவணை: 2,410

உங்க எண் வேறயா இருக்கும். ஆனா அவசர நிதி வரியை மட்டும் அழிக்காதீங்க. இதே ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா தொழிற்சாலை 2006-ல ஆரம்பிச்சு, பல ஆயிரம் இளைஞர்களுக்கு வேலை கொடுத்து, 2014-ல மூடிடுச்சு. எவ்வளவு பெரிய கேட்டும் ஒரு நாள் மூடலாம். 3 மாசச் செலவு கையில இருந்தா, அடுத்த வேலையை பயப்படாம தேடலாம்.

கல்விக் கடன் இருந்தா, தவணை எப்ப ஆரம்பிக்குதுன்னு வங்கியில எழுத்துல வாங்குங்க. பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. ஆனா அந்த அவகாசத்துலயும் வட்டி ஏறிக்கிட்டுதான் இருக்கும். வட்டியை மட்டுமாவது கட்ட முடிஞ்சா கட்டிடுங்க.

20,000 டிவைஸ் வேலையா, ஐடியா?

இப்ப அந்த முக்கியமான கேள்விக்கு வருவோம்.

ஐடி வேலையில கைக்கு 25,000. டிவைஸ் வேலையில 18,410. வித்தியாசம் மாசம் 6,590. 24 மாசத்துக்கு 1,58,160 ரூபாய். அந்த 2 வருஷ அனுபவத்துக்கு நீங்க கட்டுற விலை இதுதான். இதைக் கல்லூரிக் கட்டணம் மாதிரி பாருங்க.

2 வருஷம் கழிச்சு டிவைஸ் துறையில உங்க சம்பளம், ஐடியில இருந்திருந்தா வாங்கியிருக்கிற சம்பளத்தைவிட மாசம் 5,000 அதிகமா இருந்தா, 32 மாசத்துல போட்டதைத் திரும்ப எடுத்துடலாம். அதிகமாவே வரலைன்னா, பண அளவுல இது நஷ்டக் கணக்கு. அதனால "படிச்ச துறை"ங்கிற ஒரே காரணத்துக்காக எந்த ஆஃபரையும் எடுக்காதீங்க. அந்த 24 மாசம் உண்மையிலேயே உற்பத்தி, குவாலிட்டி, சோதனை அனுபவமா, நீங்க கத்துக்கிற வேலையா இருக்கணும். குவாலிட்டின்னு போர்டு மாட்டிட்டு 2 வருஷமும் பெட்டி எண்ண விட்டா, 1.58 லட்சம் கட்டணம் கட்டி எதையும் படிக்காம வந்த மாதிரி.

இன்னொரு பக்கமும் சொல்லணும். வீட்ல மாசம் 3 ரூபாய் வட்டிக்குக் கடன் இருந்தா, அது வருஷத்துக்கு 36%. எந்த அனுபவமும் அவ்வளவு வட்டி தராது. அப்ப ஐடி வேலையை எடுங்க, முதல்ல கடனை அடைங்க. அதுல ஒரு அவமானமும் இல்ல. மருத்துவக் கருவிக்குள்ள மென்பொருளும் இருக்கு, அதுக்கு ஐஇசி 62304-ன்னு தனித் தரநிலையும் இருக்கு. டெஸ்டிங், கோடிங் கத்துக்கிட்டு அந்த வழியா திரும்பி வரலாம். கதவு பூட்டிக்காது.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

யாரோட ஊழியர் நீங்க? ஆஃபர் லெட்டர் கம்பெனி பேர்ல இருக்கா, மேன்பவர் ஏஜென்சி பேர்ல இருக்கா? ஏஜென்சின்னா, எந்தத் தொழிற்சாலையில, எந்தக் கருவி தயாரிப்புல, என்ன பொறுப்புன்னு அனுபவச் சான்றிதழ்ல எழுதித் தருவாங்களான்னு முதல்லயே கேளுங்க. "பணியாளராக இருந்தார்"னு மட்டும் எழுதின ஒரு வரி லெட்டர் வெச்சு அந்த 2 வருஷத்தை நிரூபிக்கிறது கஷ்டம்.

அப்ரண்டிஸா, ஊழியரா? அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தா உதவித்தொகைதான், பிஎஃப் கிடையாது. அது தப்பான வழி இல்ல. நல்ல கம்பெனிக்குள்ள நுழைய நல்ல வழிதான். தென்மண்டலத்துக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில இருக்கு, பட்டதாரிகளுக்கான தேசியத் திட்டத்துல இணையத்துலயே பதியலாம். ஆனா அப்ரண்டிஸ்னு தெரிஞ்சு சேருங்க. ஊழியர்னு நினைச்சு சேர்ந்து முதல் சம்பளத்தன்னைக்கு ஏமாறாதீங்க.

பாண்டு இருக்கா? "பாண்டெல்லாம் செல்லாது, போடு"ன்னு நண்பர்கள் சொல்வாங்க. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி வழக்குல, 3 வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டா 2 லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு சொல்லிடுச்சு. எல்லா பாண்டும் செல்லும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா எதுவுமே செல்லாதுன்னு நம்பிக் கையெழுத்து போட முடியாது. தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, பதிலுக்கு என்ன பயிற்சி தர்றாங்கன்னு பாருங்க. அசல் சான்றிதழைக் கொடுத்துட்டு வராதீங்க, சரிபார்க்கக் காட்டிட்டு வாங்கிடுங்க.

வேலைக்குப் பணமா? "டெபாசிட் 30,000 கட்டுங்க, ஒரகடத்துல வேலை உறுதி"ன்னு யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துடுங்க. சம்பளம் கொடுக்கிறவங்க உங்ககிட்ட பணம் கேக்க மாட்டாங்க. "100% பிளேஸ்மென்ட்" கோர்ஸும் தவணையில சேர்ற விஷயம் இல்ல. அந்த கோர்ஸ் முடிச்ச மூணு பேர்கிட்ட நீங்களே போன்ல பேசிப் பாருங்க. அதுக்கு அவங்க தயங்கினா, அதுவே பதில்.

3 வருஷத் திட்டம்

முதல் வருஷம்: தரையைக் கத்துக்கோங்க. உங்க லைன்ல எந்தக் கருவி, எந்த வகுப்பு, எந்தச் சோதனை, எங்க அதிகமா ரிஜெக்ட் ஆகுதுன்னு தெரிஞ்சிருக்கணும். தனி நோட்டுல நீங்க கத்துக்கிட்டதை எழுதுங்க. கம்பெனி ரகசியத்தை, படத்தை வெளிய கொண்டு வராதீங்க. அவசர நிதிக்கு மாசம் 3,000 போட்டா வருஷக் கடைசியில 36,000. நம்ம மாதிரிக் கணக்குல மாசச் செலவு, வீட்டுக்குத் தர்றதையும் சேர்த்து 12,000. அதாவது 3 மாசச் செலவு தயார்.

ரெண்டாவது வருஷம்: ஆடிட்ல பங்கெடுங்க. ஐஎஸ்ஓ 13485 உள் தணிக்கையாளர் பயிற்சிக்கு கம்பெனியையே அனுப்பச் சொல்லிக் கேளுங்க. ஒரு பழுதின் மூல காரணத்தைக் கண்டுபிடிச்சு சரி பண்ண ஒரு வேலையாவது உங்க பேர்ல இருக்கணும். "ரிஜெக்ட் இவ்வளவுல இருந்து இவ்வளவு ஆச்சு"ன்னு எண்ணோட சொல்ல முடியணும். அவசர நிதி நிரம்பினதால அந்த 3,000-ஐ இனி எஸ்ஐபிக்கு மாத்தலாம்.

மூணாவது வருஷம்: 24 மாசம் முடிஞ்சதும் உங்க சந்தை மதிப்பை சோதிங்க. நாலு இடத்துல இன்டர்வியூ கொடுங்க. மாறணும்னு கட்டாயம் இல்ல, உங்க விலை என்னன்னு தெரிஞ்சாதான் இங்கேயே உயர்வு கேட்க முடியும். மாறினா, பதவி, பிரிவு, கருவி விவரத்தோட அனுபவச் சான்றிதழ் வாங்குங்க. பிஎஃப்பைப் புதுக் கணக்குக்கு மாத்துங்க. சம்பளம் எவ்வளவு கூடுதோ அதுல பாதி நேரா முதலீட்டுக்குப் போகட்டும்.

நம்ம கேஸ்ல இருக்கிற பொண்ணுக்கு என்ன பதில்? வீட்ல அவசரக் கடன் இல்ல, ஆஃபர் கம்பெனி பேர்லயே இருக்கு, வேலை உண்மையிலேயே குவாலிட்டி வேலைன்னா, 18,410-ஐ எடுத்துக்கலாம்ங்கிறது என் கருத்து. அந்த மூணுல ஒண்ணு இல்லைன்னாலும், மறுபடி கணக்குப் போடணும்.

உங்க ஆஃபர் லெட்டர்ல இருக்கிற எண்களை வெச்சு இதே கணக்கை ஒரு வெள்ளைத் தாள்ல போடுங்க. அப்பா அம்மா பக்கத்துல உக்கார்ந்து போடுங்க. "அதிகமா தர்ற இடத்துக்குப் போ"ன்னு அவங்க சொல்றது அக்கறையிலதான். கணக்கைப் பார்த்தா அவங்களுக்கும் புரியும், சில சமயம் நமக்கும் அவங்க சொல்றது சரின்னு புரியும். பேசிக்கும் மொத்தச் சம்பளமும் எவ்வளவுன்னு கம்பெனி பேர் போடாம கமெண்ட்ல எழுதுங்க, கைக்கு எவ்வளவு வரும்னு சேர்ந்து பிரிச்சுப் பார்க்கலாம்.